வரி குறைக்க ஒரு சுதந்திரம்

வரியைக் குறைக்கப் போய் ஒரு மனிதரை நாட்டுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தவன் நான். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. நடுவில் எங்காவது நான் என்னை நியாயப்படுத்தத் தொடங்கினால், மேலே திரும்பி வந்து இந்த முதல் வசனத்தை இன்னொரு தடவை வாசித்துக்கொள்ளுங்கள்.

சுவிஸில் எந்த நகரம் என்று சொல்லமாட்டேன். எண்பதுகளில் அங்கே அகதி விசாரணைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டே பேர் இருந்தோம். மற்றவர் நல்ல மனிதர். அவருடைய பெயரை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

இந்தத் தொழில் எனக்குக் கெட்டித்தனத்தால் கிடைக்கவில்லை. மற்றவர்களைவிட ஆறேழு வருடம் முந்தி வந்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு ஹோட்டல் சமையலறையில் கிழங்கு சீவிக்கொண்டே ஜேர்மன் படித்திருந்தேன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் ஒற்றைச் சூட்கேசுடன் வந்து இறங்க, அகதி அலுவலகக் கந்தோர்க்காரர் இரண்டு மொழியும் தெரிந்த ஆளைத் தேடிக் கிழங்கு வாளிக்குப் பக்கத்தில் என்னைக் கண்டுபிடித்தார்கள். அன்றோடு நான் சமையலறைக்காரன் இல்லை; சுயதொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளர். சொந்தமாக ஒரு ரப்பர் முத்திரை, மாதக் கடைசியில் எழுதி அனுப்பும் பில், அதற்கென்று ஒரு பச்சைக் கோப்பு. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. காத்திருக்கும் நேரத்துக்கும் காசு உண்டு. விசாரணையில் ஒருவர் அழுதால் கேள்வி நிற்கும், மணிக்கூடு நிற்காது. அந்தக் கணக்கை நான் ஒருநாளும் மனத்தில் போட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய்.

நாட்டுக்கென்று, அங்கே நடக்கும் போராட்டத்துக்கு, மாதம் ஐம்பது பிராங் நானும் கொடுத்துவந்தேன். எல்லோரும் கொடுத்தார்கள். ஒருமுறை வரிப் படிவம் நிரப்பும்போது இதை எங்காவது கழிக்கலாமா என்று மனைவியிடம் வாயைக் கொடுத்தேன். அவள் முதியோர் இல்லத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தவள். எனக்கு வருகிற காசு எங்கிருந்து வருகிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"தொழில் செலவு எண்டு போடுங்கோ," என்றாள். "அங்க சண்டை நிண்டால் உங்களுக்கு வேலை இல்லைத்தானே."

அன்று முழுக்க அவளோடு கதைக்கவில்லை. படிவத்தில் அந்த ஐம்பதைப் போடவும் இல்லை.

அந்தக் காலத்துச் சுவிஸ் வரிமுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வருடத்துக்குக் கட்ட வேண்டிய வரியை, அதற்கு முந்திய இரண்டு வருட உழைப்பைப் பார்த்துப் போடுவார்கள். ஒரே சம்பளத்தில் ஓடுகிறவனுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. சுயதொழில்காரனுக்குத்தான் அரியண்டம். முந்தி மாடாய் உழைத்துவிட்டு இப்போது சும்மா குந்தியிருந்தாலும், மாடாய் உழைத்த காலத்து வரியைத்தான் கட்ட வேண்டும். எண்பத்தைந்தும் எண்பத்தாறும் எனக்கு நல்ல வருடங்கள். அந்த இரண்டு வருடமும் எங்கள் சனத்துக்கு எப்படி இருந்தன என்று கேட்காதீர்கள். அவர்களுக்குக் கெட்டுப்போகப் போகத்தான் எனக்கு நல்லாக வந்தது.

எண்பத்தேழு ஆடி முடிவில் கொழும்பில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் ஒன்று எழுதின. எங்கள் ஆட்களில் அதை வாசித்தவர் ஒருவரும் இல்லை. விளக்கம் சொல்லாதவரும் ஒருவரும் இல்லை. முதலில் மாகாணம் தருவார்களாம், மாகாணம் என்பது அரைவாசி நாடாம், மிச்ச அரைவாசி தானாக வருமாம். நாடு கிடைக்கும் தேதிகளும் ரெலிபோனில் வரத் தொடங்கின. ஷ்லீரனில் தீபாவளி என்றார்கள். பேர்ணில் தைப்பொங்கல் என்றார்கள். பாசலில் சித்திரை வருடப்பிறப்பு. பாசல்காரர் எப்போதும் கொஞ்சம் நிதானம். எங்கள் நகரத்தில் தேதி தீர்மானிக்கும் பொறுப்பு ஒரு மனிதரிடம் இருந்தது. அவரை நாங்கள் நிதியமைச்சர் என்போம்.

அமைச்சர் யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கொந்தராத்து எடுத்தவர். மதகு, பள்ளிக்கூட மதில், வாசிகசாலைக் கூரை என்று வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்தவர். இங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணை என்பேன், அவர் தம்பி என்பார். ராணுவம் அவருடைய லொறியைக் கொளுத்தி, மூன்று கிழமை முகாமில் வைத்து, வலது கைச் சின்னவிரலை மடங்காமல் ஆக்கி அனுப்பியிருந்தது. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இரண்டு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முதல் விசாரணை முடிந்து, கார்த்திகையில் இரண்டாவது வரவிருந்தது. அதில் அவர் சொல்வதை நம்பினால் அவர்கள் மூவரும் இங்கே வரலாம். நம்பாவிட்டால் அவர் அங்கே போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெயில் பாதைக்குப் பக்கத்தில் அவர் இருந்த அறையில் கூடுவோம். ஆட்டிறைச்சிக் கறி, முன்னூற்றி நாலு என்ற சீட்டு விளையாட்டு, அரசியல். ஆவணி மாதத்து ஒரு ஞாயிறு, சீட்டைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு அமைச்சர் புதிய நாட்டின் வரவு செலவுத் திட்டத்தை வெளியிட்டார்.

"கேளும் தம்பி. நாடு கிடைச்ச உடன முதல் பத்து வருசத்துக்குக் கொந்தராத்துக்காரனுக்கு வரி இல்லை. றோட்டும் பாலமும் கட்டப்போறவன் அவன். அவனிட்ட வரி கேட்டால் ஆர் கட்டுறது?"

அப்படியென்றால் றோட்டுக்குக் காசு யார் தருவது என்று கேட்டேன். வெளிநாட்டுக்காரன் தருவான் என்றார். வெளிநாட்டுக்காரன் ஏன் தருவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஒருவகையில் கொந்தராத்துக்காரன்தான், வாயால் செய்கிற கொந்தராத்து. எல்லோரும் தமிழ் கதைக்கிற நாட்டில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று கேட்டேன். அமைச்சர் ஒரு துரும்புச் சீட்டால் வெட்டிப் போட்டுவிட்டு யோசித்தார். பிறகு, சுவிஸ்காரன் அங்கே வந்து அகதியாகப் பதிந்தால் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கணக்கு ஓடியது. இங்கே வேலை போய்விட்டால் அடுத்த வருட வரியை எந்தக் காசில் கட்டுவது?

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றார் அமைச்சர். "தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருத்தருக்கும் இஞ்ச நிக்கிறதுக்குக் காரணம் இருக்காது."

இதைச் சொன்ன அதே மனிதர் அடுத்தநாள் திங்கட்கிழமை, பிளாஸ்டிக் பை நிறையக் கடதாசிகளோடு என் வீட்டுக்கு வந்தார். லொறி எரிந்ததற்கு ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் கடிதம், விரலுக்கு ஆஸ்பத்திரித் துண்டு, மனைவியின் சத்தியக் கடதாசி. எல்லாம் இங்கே நிற்பதற்கான காரணங்கள். எல்லாவற்றையும் ஜேர்மனில் எழுதித் தரச் சொன்னார், விசாரணைக்கு முதல் கொடுக்க வேண்டுமாம். ஞாயிறு நாட்டுக்குப் போகிறவர், திங்கள் இங்கே நிற்க வழி பார்ப்பார். இதில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. எனக்கும் இல்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சீவித்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்கு. திங்கட்கிழமைக் கடதாசி திங்கட்கிழமைக்கு. இரண்டையும் ஒருவரும் ஒன்றோடு ஒன்று சேர்க்க மாட்டார்கள். விசரன் நான்தான் சேர்த்தேன்.

புரட்டாதியில் வரித் துண்டு வந்தது. எண்பத்தைந்து, எண்பத்தாறு வருமானத்தைக் கூட்டி, எண்பத்தேழுக்கும் எண்பத்தெட்டுக்கும் போட்டிருந்தார்கள். பார்த்துவிட்டு, துண்டோடு வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, போய் ஆளைக் கண்டு கதையுங்கள், வீட்டுக்குள் நின்று பெருமூச்சு விட்டால் குறைக்க மாட்டார்கள் என்று சொல்லித் துரத்திவிட்டாள்.

வரிக் கந்தோர் ஆள் மெலிந்த, சிரிக்காத மனிதர். மேசையில் ஒரு பென்சில்கூடக் கோணலாக இருக்காது. என் பிரச்சினையை விளக்கினேன். எங்கள் பிரதேசம் சுதந்திரம் அடையப் போகிறது, அதனால் என் தொழில் நின்றுவிடும், அதனால் பழைய வருமானத்துக்கு வரி போடுவது நியாயமில்லை என்றேன். இன்னொருவர் என்றால் சிரித்திருப்பார். இவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். அவருடைய தங்கையின் கணவர் ஜூராப் பக்கத்து ஆளாம், சுவருக்குப் பூச்சு வேலை செய்யும் சுயதொழில்காரர். ஜூரா, பேர்ணை விட்டுப் பிரிந்து தனிக் கன்ரன், எங்கள் மாகாணம் மாதிரி ஒன்று, ஆனபோது அந்த மனிதர் கொடி கட்டி மணி அடித்து ஆடினாராம். அடுத்த கிழமை புதிய முத்திரையோடு புதிய படிவம் வந்ததாம். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த வாடிக்கைக்காரர்கள் பேர்ணோடு நின்றவர்கள். உங்களுக்குத் தனிக் கன்ரன் வேண்டுமென்றால் சுவரையும் உங்கள் பக்கமே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

சுதந்திரம் வந்த பிறகு வரி குறைந்ததா என்று ஆவலாகக் கேட்டேன். படிவம் கூடியது என்றார்.

ஆனால் வழி ஒன்று இருந்தது. தொழில் உண்மையாகவே நின்றுபோனால் இடையில் புதிதாக மதிப்பீடு செய்யலாம். அதற்கு அத்தாட்சி வேண்டும். சுதந்திரத்துக்கு அத்தாட்சி எங்கே எடுப்பது என்று கேட்டேன். சுதந்திரத்துக்கு வேண்டாம், வேலை நிற்பதற்கு வேண்டும். உங்களுக்கு வேலை தரும் இடத்தில் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்.

எனக்கு வேலை தந்த இடம் விசாரணைக் கந்தோர். அங்கே என்னோடு வழமையாக வேலை செய்த அதிகாரி நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபம். விசாரணைக்கு வருகிறவர்களுக்குத் தன் கையாலேயே தேநீர் எடுத்துக் கொடுப்பார். கடிதம் கேட்டேன். எதிர்காலத்தில் வேலை இருக்காது என்று தன்னால் எழுத முடியாது, அது தனக்குத் தெரியாது. ஆனால் நீங்களே காரணத்தை எழுதித் தாருங்கள், கிடைத்தது என்று முத்திரை குத்தித் தருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். என்னுடைய ஜேர்மனில் எனக்கு ஒரு கொழுப்பு இருந்தது. கிழங்கு சீவிப் படித்த மொழி அல்லவா, காட்ட ஒரு சந்தர்ப்பம் வந்தால் விடுவேனா? வசனத்துக்குள் வசனம் வைத்து, வினையைக் கடைசியில் தூக்கிப் போட்டு, ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எங்கள் சமூகத்தின் நம்பகமான வட்டாரங்களின்படி, வரும் ஜனவரி, எங்கள் தை மாத, நடுப்பகுதிக்குள் எங்கள் பிரதேசம் சுதந்திரம் பெறும் என்று எழுதினேன். அதற்குப் பிறகு தமிழர் எவருக்கும் இந்நாட்டில் தங்கியிருக்கக் காரணம் இராது என்றும் எழுதினேன். நம்பகமான வட்டாரம் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டிறைச்சிக் கறிக்கும் முன்னூற்றி நாலுக்கும் நடுவில் இருந்த வட்டாரம்.

மனைவி எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். வரிக்கு என்றேன். அதோடு போய்விட்டாள். முழுதாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிழித்திருப்பாள்.

அதிகாரி வாசித்தார். புருவத்தை உயர்த்தினார். நல்லாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். முத்திரை குத்தி ஒன்றை எனக்குத் தந்தார், ஒன்றைப் பிரதி எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையில் கால் நிலத்தில் படவில்லை. வரிக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தீர்மானம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் திரும்பவும் சண்டை தொடங்கியது. இந்த முறை சமாதானம் காக்க வந்த இந்தியப் படையோடு. ரெலிபோனில் தேதிகள் வருவது நின்றது. யார் உயிரோடு இருக்கிறார், யாருடைய வீடு இருக்கிறது என்ற செய்திகள் மட்டும் வந்தன. அமைச்சர் கொழும்பு லொட்ஜுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் ரெலிபோன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரவு செலவுத் திட்டம் இல்லை.

அப்போதே நான் போய் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். நினைத்தேன். ஒருமுறை இல்லை, பலமுறை நினைத்தேன். ஆனால் வரிக் கந்தோரின் தீர்மானம் இன்னும் வரவில்லை. கடிதத்தைத் திருப்பி வாங்கினால் குறைப்பும் போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுகிறது என்று காலையில் ஒருவருக்கு மொழிபெயர்த்துவிட்டு, பின்னேரம் தபால் பெட்டியைத் திறந்து, தை மாதம் நாடு கிடைக்கும் என்பதை வரிக் கந்தோர் ஏற்றுக்கொண்டதா என்று பார்த்தவன் நான். இதுக்குமேல் என்ன வெட்கம் கெட்ட சீவியம்?

கார்த்திகையில் அமைச்சரின் விசாரணை. மற்ற மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல், என்னைக் கூப்பிட்டார்கள். நீங்கள் உறவினரா என்று கேட்டார்கள், இல்லை என்றோம். மொழிபெயர்ப்பாளரை உங்களுக்கு நன்றாக விளங்குகிறதா என்று அவரிடம் கேட்டார்கள். "ஓம், நல்லா விளங்குது," என்றார். அறையில் அதிகாரி, ரைப்ரைட்டரில் ஒரு பெண், உதவி நிறுவனத்தில் இருந்து சாட்சியாக வந்திருந்த ஒரு அம்மா, நாங்கள் இரண்டு பேர். ஐந்து பேரில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்.

மூன்று மணித்தியாலம் நன்றாகப் போனது. லொறியைச் சொன்னார், முகாமைச் சொன்னார், விரலைக் காட்டினார். அதிகாரி தேநீர் கொடுத்தார். உதவி நிறுவன அம்மா குறிப்பெடுத்தார். வெல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அதைப் பார்த்த உடனே சொல்வேன். அப்போதுதான் அதிகாரி கோப்பின் அடியில் இருந்து ஒரு தாளை உருவினார். கையெழுத்து என்னுடையது.

இனித் தன் பிரதேசத்தில் பாதுகாப்பாக வாழ முடியாது என்று மனுதாரர் சொல்கிறார், ஆனால் இங்கே இருக்கும் மொழிபெயர்ப்பாளரே எழுதிய கடிதத்தில் வேறுவிதமாக இருக்கிறது என்றார். கடிதம் சண்டை தொடங்க முதல் எழுதியது என்பது தனக்கும் தெரியும், ஆனாலும் கோப்பில் இருப்பதைக் கேட்காமல் விட முடியாது என்றார். என் வசனங்களை மெதுவாக வாசித்தார். அவ்வளவு அழகான வசனங்கள். பிறகு, மொழிபெயருங்கள் என்று எனக்குத் தலையசைத்தார்.

நான் மொழிபெயர்த்தேன். சுதந்திரம், தை மாத நடுப்பகுதி, தங்கியிருக்கக் காரணம் இராது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றை மட்டும் மாற்றினேன். மொழிபெயர்ப்பாளர் எழுதியது என்ற இடத்தில், ஒரு தமிழர் எழுதியது என்றேன். அவரைக் காப்பாற்ற ஒரு சொல்லையும் மாற்றாத நான், என்னை ஒளிக்க ஒரு சொல்லை மாற்றினேன்.

"ஆர் எழுதினது?" என்றார் அமைச்சர்.

மனுதாரர் கேட்பதையும் மொழிபெயர்க்க வேண்டும், அதுதான் விதி. யார் எழுதியது என்று கேட்கிறார் என்றேன். அதிகாரி என்னைப் பார்த்தார். அதைத்தான் முதலிலேயே சொன்னேனே, நீங்கள் சொல்லவில்லையா என்றார். ரைப்ரைட்டர் நின்றது.

"நான்தான், அண்ணை," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். காரணம் இராது என்ற அந்த வசனம் தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்க்கவே விளங்கியது. இது நான் சொன்னதல்லவா என்று அவர் வாயைத் திறந்தால், அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தால் அவர் கதை முடிந்தது, லொட்ஜில் இருக்கிற மூன்று பேரின் கதையும் முடிந்தது. கடவுளே, மனுசன் வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அதிகாரி தன் கேள்வியைக் கேட்டார். உங்கள் பிரதேசம் சுதந்திரம் அடையும் என்று நீங்களும் நம்புகிறீர்களா?

அமைச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வராது எண்டு எழுதச் சொல்லும்."

அதிகாரி ஒழுங்கான மனிதர். தை மாதத்துக்குள் வராதா, அல்லது வரவே வராதா, எது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"வரவே வராது."

ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?

"நான் கொந்தராத்துக்காரன். கட்டி முடியிற வேலை எது, முடியாத வேலை எது எண்டு எனக்குப் பார்த்த உடன தெரியும்."

ரைப்ரைட்டர் அதை அடித்தது. எங்கள் சனம் புரட்டக்கோல் என்று சொல்லும் விசாரணைப் பதிவைக் கடைசியில் மனுதாரருக்குத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். என் வாயால், தமிழில். லொறி வாசித்தேன், முகாம் வாசித்தேன், விரல் வாசித்தேன். என் நாட்டுக்குச் சுதந்திரம் ஒருபோதும் வராது என்று நான் நம்புகிறேன் என்றும் வாசித்தேன். சரியா என்று கேட்டேன். ஓம் என்றார். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, மொழிபெயர்ப்பு உண்மையானது என்று நானும் போட்டேன்.

வெளியே வந்து கோட்டை மாட்டினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எதற்காக எழுதினீர் என்று கேட்டார். வரிக்கு என்றேன். தலையாட்டினார். நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறீர் என்றார். பிறகு ட்ராம் வர ஏறிப் போய்விட்டார்.

அடுத்தநாள் வரிக் கந்தோருக்குப் போய் என் மனுவைத் திருப்பி வாங்கினேன். ஏன் என்று மெலிந்த மனிதர் கேட்டார். சுதந்திரம் வரவில்லை, வேலை நிற்காது என்றேன். அப்படியென்றால் உங்களுக்கு நல்ல செய்தி என்று சொல்லி, முதல்தடவையாகச் சிரித்து, எழுந்து கைகொடுத்தார். நானும் கைகொடுத்தேன். வரி முழுக்கக் கட்டினேன். அந்த மாரியில் விசாரணைக்கு வந்த சனத்துக்கு நானும் மற்றவரும் போதவில்லை.

அமைச்சர் அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகவில்லை. பங்குனியில் ஒருநாள் பின்னேரம் மணி அடித்தது. வாசலில் அமைச்சர், கையில் பதிவுத் தபாலில் வந்த மண்ணிறக் கடித உறை. எங்கள் ஆட்கள் தீர்மானக் கடிதத்தைத் தாங்களே உடைக்க மாட்டார்கள், மொழிபெயர்ப்பவரிடம் ஒட்டியபடியே கொண்டுவருவார்கள். மற்றவர் லீவில் போயிருந்தார், அதனால்தான் வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். மனைவி தேநீர் வைத்தாள். உறையை உடைத்தேன்.

பொசிற்றிவ். அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடலாம். அதை முதலில் சொன்னேன். அவர், மூன்று பேரையுமா என்று கேட்டார். பிறகு, என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் வாசியும் என்றார். வாசித்தேன். லொறி, முகாம், விரல். கடைசிப் பந்தியில், தன் பிரதேசத்தின் எதிர்காலத்தைப் பற்றி மனுதாரர் எந்த மாயையும் இல்லாமல் நிதானமாகக் கதைத்தது அவருடைய நம்பகத்தன்மையைக் கூட்டுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

"அப்ப வராது எண்டு சொன்னதுக்குத்தான் விட்டிருக்கிறாங்கள்," என்றார்.

ஓம் அண்ணை என்றேன்.

கடிதத்தை மடித்து உள்சட்டைப் பைக்குள் வைத்தார். தேநீரைக் குடித்து முடித்தார். எழும்பும்போது பணப்பையைத் திறந்து இருபது பிராங் தாளை எடுத்து மேசையில் வைத்தார். நாட்டுச் சனத்தின் கடிதம் வாசிக்க நான் ஒருநாளும் காசு வாங்கியதில்லை. அது அவருக்கும் தெரியும். எடுங்கள் அண்ணை என்றேன். எடுக்கவில்லை.

"வேலை செய்தனீர்தானே," என்றார். "மறக்காமல் இதையும் வரியில காட்டும்."

மனைவி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த படிவத்தில் அந்த இருபது பிராங்கையும் காட்டினேன்.